மும்ப்ரா மலையும் இடது ஓரத்துப் புள்ளியும்

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத என் அருமை மனிதருக்கு,

நமஸ்காரம். நானும் நம் பெண் சுதாவும் சௌக்கியம். நீங்களும் அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். மேகம் வரட்டும் என்று காத்துக்கொண்டு நிற்க வேண்டாத இடம் அது. கேட்காமலே காலடியில் வந்து நிற்குமாம். அதுவே உங்களுக்குப் பிடிக்காமல் போயிருந்தாலும் போயிருக்கும்.

உங்கள் வருஷாப்தீகம் போன மாதம் முடிந்தது. அழவேண்டியதெல்லாம் அழுது தீர்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அது தீர்ந்த இடத்தில் இப்போது கோபம் வந்து உட்கார்ந்திருக்கிறது. போய்ச் சேர்ந்தவரிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிறார்கள். இருந்தபோது மட்டும் என் கோபத்தைக் காதில் வாங்கினீர்களா என்ன? படம் கழுவச் சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். "திறந்துடாதே, பேப்பர் போயிடும்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இப்போது சாத்திக்கொள்ளக் கதவு கிடையாது. உட்கார்ந்து கேளுங்கள்.

இந்தக் கடிதத்தை நம் மாதுங்கா சங்கத்து மலரில் போடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும். நாலு பேர் படித்து, நியாயம் யார் பக்கம் என்று சொல்லட்டும். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்த கதையையே மறுபடி சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பொறுத்ததைவிட அதிகமில்லை.

கப்பல் கம்பெனியில் குமாஸ்தா நீங்கள். ஆறு நாள் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை மலை, ஏரி, உப்பளம், சதுப்பு. நம் வீடோ ஓர் அறையும் ஒரு சமையலறையும். இருந்த ஒரே அலமாரியில் நடுத்தட்டு முழுவதும் உங்கள் சாமான். மடக்குக் காமிரா, மேகம் எடுபட அதில் மாட்டும் மஞ்சள் கண்ணாடி, பால்பவுடர் டின்னை வெட்டி லென்ஸுக்கு நீங்களே செய்த தொப்பி, தள்ளி நின்று அமுக்கும் வயர். காமிராவின் துருத்தியில் ஓட்டை விழுந்தபோது என் குடையிலிருந்து துணி வெட்டி ஒட்டினீர்கள். அதுவும் ஜூன் மாதம் மழை இறங்குகிற வாரத்தில். காமிராவுக்குள் வெளிச்சம் ஒழுகுவது நின்றது. என் தலையில் மழை ஒழுக ஆரம்பித்தது.

அப்புறம் அந்த மூன்று கால் மர ஸ்டாண்ட். மாதுங்கா ஸ்டேஷனில் அதைக் கல்யாண் லோக்கலில் ஏற்றியபோது வாசலில் நின்றவர் ஒருவர், "க்யா பாய், டென்ட் லகானே ஜா ரஹே ஹோ?" என்று, கூடாரம் அடிக்கவா போகிறோம் என்று, கேட்டார். "ஹாங்" என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அந்த ஆள் இறங்கும்வரை என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாத்ரூம் ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, குளிக்கும் பலகைமேல் எனாமல் தட்டுகளை வரிசையாக வைத்தால் அது உங்கள் இருட்டறை. யுத்தம் வந்து ஊரெல்லாம் விளக்கை அணைத்து ஜன்னலை மூடச் சொன்னார்களே, அப்போது பார்வையிட வந்தவர் நம் பாத்ரூம் ஜன்னலைக் கண்டு மெச்சிப்போனார். இந்தக் கட்டடத்திலேயே இவ்வளவு கச்சிதமாக ஒட்டியிருப்பது நாம்தானாம். யுத்தத்துக்கு வெகுகாலம் முன்பே ஒட்டியது என்று நான் வாயைத் திறக்கவில்லை. படத்தை அலசக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பீர்கள். தண்ணீர் வருவதே விடிகாலையில் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் அண்டாவில் உங்கள் மலைகள் மிதக்கும். நான் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பேன், என் வீட்டிலேயே.

படத்தை நிலைக்க வைக்கிற அந்த ஹைப்போ உப்பு இருக்கிறதே, அது பார்க்க அசல் கல்கண்டு. ஒரு நவராத்திரியின்போது வெற்றிலை பாக்குக்கு வந்த மாடி வீட்டு மாமி பாட்டிலைத் திறந்து ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டுவிட்டாள். நான் பதறிப்போய் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டு ஓடுகிறேன். நீங்கள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, ஒரு கட்டிதான்" என்கிறீர்கள். எதற்கு நல்ல வேளை என்று மாமி இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கடைத்தெருவில் உங்களோடு நடப்பதைவிடத் தனியாகப் போய் எல்லாவற்றையும் சுமந்து வருவது மேல். கத்தரிக்காய்க்காரியிடம் நான் பேரம் பேசிக்கொண்டிருப்பேன். நீங்கள் கத்தரிக்காய்மேல் விழும் வெயிலைப் பார்த்து, "இதுக்கு எட்டு வச்சா போறும், மேகம் வந்தா அஞ்சரை" என்பீர்கள். அவள் அந்த லென்ஸ் கணக்கை விலை என்று நினைத்துக்கொண்டு உங்களோடு சண்டைக்கு வருவாள். வெளிச்சம் அளக்கிற மீட்டர் வாங்க வசதியில்லை என்று கண்ணாலேயே அளந்து பழகிக்கொண்ட மனிதர் நீங்கள். அதை ஒத்துக்கொள்கிறேன். பழகியதைக் காய்கறிக் கடையிலா காட்டவேண்டும்?

கல்யாணப் பத்திரிகை விஷயத்தை இன்னும் நான் மன்னிக்கவில்லை. எதைப் படத்துக்குள் வைப்பது, எதை விடுவது என்று பார்க்க உங்களுக்கு ஓர் அட்டைச் சட்டம் வேண்டும். நடுவில் சதுரமாக வெட்டி, கண்ணுக்கு முன்னால் பிடித்து, அருகே கொண்டுவருவதும் தள்ளிப் பிடிப்பதுமாக நிற்பீர்கள். என் சித்தி பெண் கல்யாணப் பத்திரிகை நல்ல கெட்டி அட்டையில் வந்தது. வந்த அன்றே வெட்டிவிட்டீர்கள். பிள்ளை வீட்டார் பெயர் இருக்கிறது, பெண் வீட்டார் பெயர் இருக்கிறது, நடுவில் தேதியும் முகூர்த்தமும் இருந்த இடத்தில் ஒரு ஜன்னல். காட்கோபருக்குப் பட்டுப்புடவையும் பரிசுமாக நாம் போய் இறங்கியபோது பந்தல்காரன் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கல்யாணம் முந்தின நாளே முடிந்திருந்தது. நீங்கள் அந்த மூங்கில்கள் வழியாக வானத்தைப் பார்த்து, "லைன்ஸ் நன்னா இருக்கு" என்றீர்கள்.

இவ்வளவு சாமானும் இவ்வளவு பாடும் இருக்கிற வீட்டில், குடும்பப் படம் வேண்டுமென்றால் எங்கே போவோம்? கிங்ஸ் சர்க்கிள் ஸ்டுடியோவுக்கு. "முகத்துக்கு ஸ்டுடியோ இருக்கே" என்பீர்கள். ஃபிலிம் இறக்குமதி இல்லை; தெரிந்த கடைக்காரர் கண்ணைக் காட்டினால்தான் ஒரு ரோல் கிடைக்கும், அதில் எட்டே படம். அதை முகத்துக்குச் செலவழிக்க உங்களுக்கு மனசு வராது. ஸ்டுடியோவில் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தீர்களா? பின்னால் தொங்கிய திரையில் எழுதியிருந்த மலைக்கு வெளிச்சம் இடமிருந்து விழுகிறது, ஏரிக்கு வலமிருந்து விழுகிறது என்று ஸ்டுடியோக்காரப் பையனிடம் சண்டை போட்டீர்கள். சுதா நடுவில் நின்று, "அப்பா, பஸ் கரோ, போதும்" என்று கெஞ்சினாள். மாலை போட்டு இப்போது மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அந்தப் பொய் மலைக்கு முன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறீர்கள். வேறு படம் இல்லாதது என் தப்பா?

சரி, என் படத்துக்கு வருகிறேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் கண்டாலாவுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். பையில் காமிரா. நான் அரக்குப் பட்டுடுத்தி, ரயிலில் வாடாமல் ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போன பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொண்டு நின்றேன். "அந்தப் பாறைகிட்டப் போய் நில்லு" என்றீர்கள். நின்றேன். "இன்னும் தள்ளி." தள்ளினேன். "இன்னும்." உங்கள் குரல் கேட்காத தூரத்துக்குப் போன பிறகு கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினீர்கள். திரும்பி நிற்கவேண்டுமாம். படம் வந்தபோது மலை இருந்தது, பள்ளத்தாக்கு இருந்தது, பாறைக்குப் பக்கத்தில் ஒரு நொய்யரிசி இருந்தது. மாயவரத்தில் என் அம்மாவுக்கு அதை அனுப்பிவைத்தேன். "படம் கிடைத்தது. இடம் குளிர்ச்சியாக இருக்கிறது. நீ ஏன் போகவில்லை?" என்று பதில் வந்தது.

"அளவுக்கு" என்று சொன்னீர்கள். ஆள் ஒன்று பக்கத்தில் நின்றால்தான் மலை எத்தனை பெரிது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியுமாம். சரி, ஏன் முதுகைக் காட்டவேண்டும்? "முகம் தெரிஞ்சா எல்லாரும் முகத்தைப் பார்ப்பா. மலையை யார் பார்ப்பா?" என்றீர்கள். அது புகழ்ச்சியா, திட்டா? அன்று கேட்கவில்லை. இனி யாரைக் கேட்பது?

அதன்பின் ஒவ்வொரு மலைக்கும் நான்தான் அளவு. தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். காலடிப் புல்லும் தூரத்து மலையும் ஒரே தெளிவாக விழுவதற்காக லென்ஸின் துவாரத்தை ஊசிக்கண் அளவுக்குச் சுருக்குவீர்கள். அப்போது மூடி திறந்து மூடவே நேரமாகும். அதற்குள் தலைப்பு பறந்தால் படத்தில் நான் புகையாகிவிடுவேனாம். கொசு கடித்தாலும் கையைத் தூக்கக் கூடாது. எத்தனை சதுப்பில், எத்தனை கொசுவோடு நான் அசையாமல் நின்றிருக்கிறேன் என்று உங்கள் படம் எதிலாவது தெரிகிறதா?

மும்ப்ரா மலைப் படம் எடுப்பதற்கு முந்தின நாள் புடவையில் சண்டை வந்தது. மழையில் நனைந்த பாறை கன்னங்கரேலென்று இருக்கும், அதற்கு எதிரே வெள்ளைதான் எடுபடும், வெள்ளைப் புடவை கட்டிக்கொள் என்றீர்கள். சுமங்கலியைப் பார்த்து எந்தப் புருஷனாவது அப்படிச் சொல்வானா? நான் கத்தினேன். நீங்கள் நிறத்தைப் பற்றிப் பேசினீர்கள், நான் அச்சானியத்தைப் பற்றிப் பேசினேன். கடைசியில் வெளிர்சந்தன நிறத்தில் சமாதானமானோம். இப்போது அலமாரியைத் திறந்தால் நீங்கள் கேட்ட நிறம் அடுக்கடுக்காக இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் உங்கள்மேல் எரிச்சல் வருகிறது, உடனே அழுகையும் வருகிறது.

ஆனால் அன்றைக்கு மும்ப்ராவில் நடந்ததை நான் மறுக்க மாட்டேன். காலையிலிருந்து தூறல். வயல் வரப்பின் இடது ஓரத்தில் ஒரு கல்மேல் நின்றேன். எதிரே மலை முழுக்கக் கோடு கோடாக அருவி இறங்குகிறது. நீங்கள் எனக்குப் பின்னால் வெகு தூரத்தில், காமிராவுக்கு என் புதுக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மேகம் மெல்ல மலையின் இடுப்புவரை இறங்கி வந்து நின்றது. நீங்கள் காமிராமேல் குனிந்திருந்ததால் அதை உங்களைவிட முன்னால் நான்தான் பார்த்தேன். பயமாகவும் இருந்தது, என்னவோ சந்தோஷமாகவும் இருந்தது. ஒரே ஒரு படம்தான் எடுத்தீர்கள். வீட்டுக்கு வந்து அதைக் கழுவியபோது முதல்முறையாக நீங்களே பாத்ரூம் கதவைத் திறந்து, "வந்து பாரு" என்றீர்கள்.

அந்தப் படம் ஏன் எங்கும் ஏறவில்லை என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. காபி ஹோட்டல் மாடியில் மாதம் ஒருமுறை கூடும் உங்கள் போட்டோ சங்கம், வருஷா வருஷம் தாதரில் ஹால் பிடித்து எக்ஸிபிஷன் நடத்தும். நீங்கள் மும்ப்ராவை அனுப்புவீர்கள். அது திரும்பி வரும். ஆனாலும் ஹாலுக்கு என்னைக் கூட்டிப் போவீர்கள். மற்றவர்கள் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கத்தில் காலியாக இருக்கும் ஒரு சுவருக்கு முன்னால் போய் நின்று, "இங்கே மாட்டினா வெளிச்சம் சரியா விழும்" என்பீர்கள். ஒவ்வொரு வருஷமும் அதே சுவர், அதே பேச்சு. என்ன குறை சொல்கிறார்கள் என்று கேட்டால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பீர்கள். உங்களுக்கு அவ்வளவுதான் வரும் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது தங்கராஜ் வந்த கதை. தங்கராஜ் உங்கள் ஆபீஸ்காரர், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், செம்பூரில் குடியிருக்கிறார், உங்கள் சங்கத்துக்குக் காரியதரிசி. உங்களை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவார். ஆரம்பத்தில் அந்த மதினி எனக்குப் பழகவில்லை. இப்போது வேறு எப்படிக் கூப்பிட்டாலும் ஒட்டாது. வருஷாப்தீகம் முடிந்த வாரம் மும்ப்ரா படத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"மதினி, இந்த வருசம் அண்ணாச்சி படம் ஒண்ணு ஹால்ல கண்டிப்பா தொங்கணும்னு நாங்க எல்லாரும் பேசிருக்கோம். இதுதான் படம். ஆனா சின்னதா ஒரு காரியம் இருக்கு."

"என்ன காரியம்?"

"இந்தா, இடது ஓரத்துல ஒரு புள்ளி தெரியுதுல்லா. அத எடுத்திரணும்."

"அது நானாக்கும்" என்றேன்.

"தெரியும் மதினி" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரைப் பார்த்தார். "வெளியூர்லருந்து வார ஜட்ஜுங்க என்ன சொல்லுதாங்கன்னா, நிலக்காட்சின்னா நிலம் மட்டுந்தான் இருக்கணும். ஆளு இருந்தா செல்லாது. நான் அண்ணாச்சிட்ட எத்தன மட்டம் சொல்லிருக்கேன் தெரியுமா? கையப் புடிச்சிச் சொல்லிருக்கேன். அந்தப் புள்ளிய மட்டும் எடுத்திருங்க, முத பரிசே வந்தாலும் வரும்னு. கேட்டாத்தான?"

"என்ன சொன்னார்?"

"வருசா வருசம் ஒரே பதில்தான். 'வேணும்னா மலையை எடுத்துடும் ஓய்'னு சொல்லிட்டுப் போயிருவாரு."

சமையலறைக்குள் போய், ஒன்றுமில்லாத அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஜட்ஜுகளுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டம் போட்டு மாட்டிக்கொடுக்கிற ஆளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியாது! என்ன மனிதர் நீங்கள்? வாயில் கொழுக்கட்டையா? மலைக்கு மலை இடது பக்கம் தள்ளு, வலது பக்கம் தள்ளு என்று கத்தத் தெரிந்தது. இதை ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? அளவுகோல், அளவுகோல் என்று இத்தனை காலமும் மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தேனே, அதையாவது போக்கியிருக்கலாமே. இப்போது வந்து தங்கராஜ் வாயால் கேட்டு, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? யாரோடு சண்டை போடுவேன்?

வெளியே வந்து, "எடுத்துடுங்கோ" என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு அந்தச் சுவர் கிடைக்கட்டும் என்றுதான். உங்கள் ஆசை என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றே. நான் நொய்யரிசிதானே, இருந்தால் என்ன, போனால் என்ன?

தங்கராஜ் வேலையை விளக்கினார். முதலில் பிரதி ஒன்றில் மை தொட்டு மறைத்துப் பார்ப்பார்களாம். அது கண்ணுக்குச் சரியாக இருந்தால், தாதரில் ஓர் ஆள் பிளேடு முனையால் நெகட்டிவிலேயே சுரண்டி எடுத்துவிடுவான். பெரிய படமாகப் போட்டாலும் தடம் தெரியாது. "ஆனா மதினி, நெகட்டிவ்ல சொரண்டியாச்சின்னா போனது போனதுதான். திரும்ப ஒட்ட முடியாது. யோசிச்சிச் சொல்லுங்க" என்றார். நெகட்டிவ் என் அலமாரியில் இருந்தது. மாதிரியைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

மறுவாரம் மாதிரியைக் கொண்டுவந்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. கல் இருந்தது, வரப்பு இருந்தது, நான் இருந்த இடத்தில் ஈரப் பாறை இருந்தது. என்னைத் தேடித்தேடிப் பார்த்தேன், இல்லை. அப்புறம்தான் மலையைப் பார்த்தேன். அதையும் காணோம். அதாவது, இருந்தது, ஆனால் அது மும்ப்ரா இல்லை. அன்றைக்கு என் எதிரே மேகம் இறங்கி வந்து பயமுறுத்திய அந்த மலை எங்கே போயிற்று?

சுதா காலேஜிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தாள். "யே க்யா ஹை, அம்மா? நம்ம பில்டிங் வாசல்ல ரோட்டுக்காரா கொட்டியிருக்கற ஜல்லியா?"

தங்கராஜ் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்கிடாதிய மதினி. எனக்கும் பஸ்ஸுல வரும்போதே தோணிச்சி. மடியில வச்சிப் பாத்துக்கிட்டேதான் வாரேன். ஆனா போட்டிக்கு இதுதான் செல்லும். ஜன்னல் பக்கத்துச் சுவத்தக்கூட எடுத்து வச்சிட்டேன். சனிக்கிழமைக்குள்ள நெகட்டிவ் வேணும்."

அலமாரியைத் திறந்து நெகட்டிவை எடுத்தேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? மலை வெளுத்து நிற்கிறது, நான் கறுப்பாக ஓரத்தில் நிற்கிறேன். சின்னதாக, திடமாக. தலைப்பைச் செருகியிருப்பதுகூடத் தெரிகிறது. ஒரு பிளேடு முனை பட்டால் போதும். உங்களுக்கு நீங்கள் கேட்ட சுவர். வருஷா வருஷம் நீங்கள் வேண்டாமென்று விட்டுவிட்டு வந்த அதே சுவர்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எனக்கு நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறேனே, சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? நகர்ந்திருப்பேன். "என்னால உங்க படம் கெட வேண்டாம்" என்று அடுத்த ஞாயிறே விலகி மரத்தடியில் போய் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் திரும்பிப் போய் நின்றிருக்க மாட்டேன். அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. பொல்லாத மனிதர்.

"தர மாட்டேன், தங்கராஜ்" என்றேன்.

"மதினி, ஆளோட அனுப்பினா திரும்பி வந்துரும்."

"வரட்டும். அது நான். எனக்கு அழிஞ்சு போக இஷ்டமில்லை."

இதை இவ்வளவு சத்தமாக நான் சொல்வேன் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. சுதா செருப்போடு அப்படியே நின்றாள். தங்கராஜ் மெதுவாக மாதிரிப் படத்தை இரண்டாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, "பழைய படத்தயே தாங்க, நானே கொண்டுபோய்க் குடுக்கேன்" என்றார்.

எக்ஸிபிஷனுக்கு நாங்கள் போனோம். ஒரு வருஷத்துக்குப் பின் நான் தாதர்வரை போனது அதுதான் முதல் தடவை. அந்தச் சுவரில் வேறு யாருடைய ஏரியோ தொங்கியது. நல்ல ஏரிதான், குறை சொல்ல மாட்டேன். ஜன்னல் வெளிச்சம் நீங்கள் சொன்ன மாதிரியே விழுந்தது. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன். உங்கள்மேல் கோபமாகத்தான் நின்றேன். இந்தச் சுவருக்கு இவ்வளவு ஆசைப்பட்டுவிட்டு, இதை எனக்காக விட்டுவிட்டு, பக்கத்தில் ஒன்றும் தெரியாதவர் போல நின்றீர்களே என்று. ஹாலில் ஆட்கள் இருந்ததால் அழவில்லை.

நேற்று மும்ப்ரா திரும்பி வந்துவிட்டது. தங்கராஜ்தான் கொண்டுவந்து கொடுத்தார். ஜட்ஜுகளில் ஒருவர் மட்டும் அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் அவரும் ஒதுக்கித்தான் வைத்தாராம்.

ஆகவே இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருஷமும் இதே படம்தான் போகும். அதற்கடுத்த வருஷமும் இதே படம்தான். அவர்கள் திருப்பி அனுப்ப அனுப்ப நான் அனுப்பிக்கொண்டிருப்பேன். நெகட்டிவ்மேல் ஒரு கை படவிட மாட்டேன். உங்களுக்குச் சுவர் கிடைக்காது. மன்னித்துக்கொள்ளுங்கள், அதை நீங்களே தொடங்கிவைத்தீர்கள். எனக்குப் பிறகும் இப்படியே அனுப்பவேண்டும் என்று சுதாவிடம் சொல்லிவிட்டேன். "டீக் ஹை, அம்மா" என்றாள். அவளும் உங்களைப் போலத்தான், சொன்னதைச் செய்வாள். ஏன் செய்கிறாள் என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் ஆத்துக்காரி
விசாலம்